பழைய சேர்வோவில் கை வைக்கும் பிள்ளைகளுக்கு

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் ஸ்டெப்பர் மோட்டர் பூட்டிச் சின்னச் சின்ன சிஎன்சி ரவுட்டர் செய்து பழகிவிட்டார்கள். பலகையில் பூவேலை வெட்டுகிற அளவுக்குக் கை தேறியதும் இரும்பு வெட்ட ஆசை வருகிறது. யாராவது ஒருவர் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தைப் பக்கம் தேடி, ஜப்பானில் கழித்த மெஷினிலிருந்து இறக்கிய டிசி சேர்வோ மோட்டரையும் ±10 வோல்ட் கட்டளை கேட்கிற அனலொக் டிரைவையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். பிறகுதான் கேள்வி: "மாமா, இதை எப்படி ஓட்டுறது?"

வாங்கினது பிழை இல்லை, தம்பி. நம் ஊருக்குப் பொருத்தமான சாமான் அது. உள்ளே இருப்பது ஒப்-ஆம்ப், ட்ரான்சிஸ்டர், திருகு பொட். பழுதானால் மீட்டரும் பற்றுக்கோலும் வைத்துத் திருத்தலாம். ஐசி வேண்டுமென்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடி எடுக்கலாம். கம்பனியின் மென்பொருளும் கடவுச்சொல்லும் இல்லாமல் திறக்காத பெட்டி இல்லை இது.

ஆனால் ஸ்டெப்பர் பழக்கத்தோடு இதைத் தொடாதீர்கள். ஸ்டெப்பர் தடைப்பட்டால் படி தவறி முனகிக்கொண்டு நிற்கும். சேர்வோ தடைப்பட்டால் இன்னும் அழுத்தும். இடையில் இருப்பது வைஸா விரலா என்று அதற்குத் தெரியாது. கீழே சொல்லுகிற வரிசையை அதனால்தான் மாற்றவேண்டாம் என்கிறேன்.

1. நிறுத்தப் பழகிய பிறகு ஓட்டப் பழகுங்கள்

முதல் வாங்கவேண்டியது சிவப்புக் காளான் சுவிட்சும் கொண்டக்டரும். அவசர நிறுத்தம் கணினிக்குச் செய்தி சொல்லுகிற பட்டனாக மட்டும் இருக்கக்கூடாது. கணினி உறைந்துபோன நேரத்தில்தான் அது தேவைப்படும். எப்போதும் மூடியிருக்கிற தொடுகை உள்ள சுவிட்சைப் போடுங்கள். வயர் அறுந்தாலும் மெஷின் நிற்கவேண்டும். அச்சின் இரு முனையிலுமுள்ள லிமிட் சுவிட்சுகளுக்கும் இதே விதி. அமத்தியதும் டிரைவின் எனேபிள் விழவேண்டும், கொண்டக்டர் ட்ரான்ஸ்போமருக்குப் போகும் மின்னை வெட்டவேண்டும். எனேபிள் விழுந்த பிறகு மோட்டர் தன் வேகத்தில் உருண்டுகொண்டே போகும் என்பதை மறவாதீர்கள். அச்சு பாரமாக இருந்தால், மோட்டரின் இரு வயரையும் ஒரு தடையத்தோடு இணைத்துவிடுகிற ரிலே போட்டால் பிரேக் பிடித்ததுபோல நிற்கும்.

கொண்டக்டர் தானே பிடித்துவைக்கிற முறையில் வயர் செய்யுங்கள். அதாவது மின் போய் வந்தால் அது திறந்தே இருக்கவேண்டும். ஆள் வந்து பச்சைப் பட்டனை அமத்தினால்தான் மூடவேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாடு இது. மின் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. திரும்பும்போது உங்கள் கை மேசைமேல் இருக்கலாம். செங்குத்து அச்சில், மின் போனதும் ஸ்பிரிங்கால் பிடிக்கிற 24 வோல்ட் பிரேக் உள்ள மோட்டரையே போடுங்கள். இல்லாவிட்டால் தலை தன் பாரத்தில் கீழே இறங்கும்.

2. கையில் இருப்பது எந்த வகை என்று அறியுங்கள்

±10 வோல்ட் கேட்கிற டிரைவ் இரண்டு வகை. ஒன்றில் அந்த வோல்ட் வேகத்தைக் குறிக்கும். மோட்டரின் பின்புறமுள்ள டேக்கோ, வேகத்துக்கேற்ற வோல்டை டிரைவுக்குத் திருப்பிக் கொடுக்கும். டிரைவ் இரண்டையும் ஒப்பிட்டு வேகத்தைத் தானே காக்கும். மற்றதில் வோல்ட் முறுக்குவிசையைக் குறிக்கும். வேகத்தைக் காக்கிற பொறுப்பும் கணினியின் தலையில். பல டிரைவ்களில் குட்டிச் சுவிட்சை மாற்றி இரண்டு விதமாகவும் ஓட்டலாம். தொடங்குகிறவருக்கு டேக்கோ உள்ள வேக முறைதான் நல்லது. கணினி ஒரு கணம் தடுமாறினாலும் மோட்டர் சொன்ன வேகத்தைத் தாண்டாது.

மஞ்சள் மூடி போட்ட ஃபனுக் மோட்டர்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்தக் கம்பனி, எண்ணெய் அழுத்தத்தில் ஓடிய தன் பழைய பல்ஸ் மோட்டரைக் கைவிட்டு, அமெரிக்கக் கெட்டிஸ் கம்பனியிடம் உரிமம் பெற்று டிசி சேர்வோவுக்கு மாறியது. பெருந்தொழிற்சாலையில் இரவு பகலாக உழைக்கவென்று செய்த மோட்டர்கள் அவை. பொழுதுபோக்கு மெஷினுக்கு அவற்றின் பலம் தாராளம். அதே பலம்தான் ஆபத்தும்.

3. மோட்டரைப் பிரிக்க அவசரப்படாதீர்கள்

பழைய டிசி சேர்வோ சிலவற்றில் அல்னிகோ காந்தம் இருக்கிறது. ஆர்மேச்சரை வெளியே இழுத்ததும் அந்தக் காந்தம் தன் வலுவின் பெரும்பகுதியை இழந்துவிடும். திரும்பப் பூட்டினால் மோட்டர் ஓடும், ஆனால் முறுக்கு இருக்காது, கரண்டை மட்டும் குடிக்கும். மீண்டும் காந்தமேற்ற நம் பக்கம் வசதி இல்லை. தண்ணீர்ப் பம்பு மோட்டர் பிரித்துப் பழகிய கைக்கு இதை அடக்குவது கஷ்டம், அடக்கத்தான் வேண்டும்.

பிரஷ் மூடியை மட்டும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பிரஷும் எந்தத் துளையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்துவிட்டு எடுங்கள். அதே துளையில் அதே பக்கமாகத்தான் திரும்பப் போகவேண்டும். உள்ளே படிந்த கரித்தூள் ஈரக்காற்றில் மின் கடத்தும். அதை வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். கொம்பிரசர் காற்றால் ஊதினால் தூள் இன்னும் உள்ளே போய் ஒட்டும். பிறகு, தண்டு சுற்றுவதை எண்ணிச் சொல்லுகிற என்கோடரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, வயருக்கும் மோட்டர் உடம்புக்கும் இடையே உள்ள மின்காப்பை மெகரால் அளந்து பாருங்கள். என்கோடரைக் கழற்றாமல் மெகர் பிடித்தால் அதன் மின்பலகை அத்தோடு முடிந்தது.

இதே காந்தக் காரணத்துக்காகத்தான் டிரைவின் உச்சக் கரண்டை மோட்டர் தகட்டில் எழுதிய உச்ச அளவுக்குக் கீழே வைக்கச் சொல்கிறேன். அளவு மீறிய கரண்டும் காந்தத்தைக் கொல்லும்.

4. மின்வழங்கியில் இடம் விடுங்கள்

ட்ரான்ஸ்போமரின் ஏசி வோல்டை 1.414 ஆல் பெருக்கினால் கெபாசிட்டரில் நிற்கும் டிசி வரும். 50 வோல்ட் ஏசி என்றால் சுமார் 70 வோல்ட். நம் 230 வோல்ட் லைன் இரவில் பத்து வீதம் ஏறினால் அது 77. உங்கள் டிரைவின் எல்லை 80 என்றால் மூன்று வோல்ட்தான் மிச்சம். வேகமாக ஓடும் மேசை நிற்கும்போது மோட்டர் ஜெனரேட்டராக மாறி மின்னைத் திருப்பி அதே கெபாசிட்டருக்குள் தள்ளும். அந்த மூன்று வோல்டைத் தாண்டக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும். ஆகவே 40 வோல்ட் ஏசி எடுங்கள். 56 வரும், ஏறினாலும் 62. வேகம் கொஞ்சம் குறையும், டிரைவ் பிழைக்கும். அதிக வேகம் வேண்டுமென்றால், மிஞ்சுகிற மின்னைத் தடையத்தில் எரிக்கிற ஷண்ட் சுற்று போட்டுவிட்டு ஏற்றுங்கள்.

கெபாசிட்டருக்குக் குறுக்கே வடிதடையம் கட்டாயம். 10,000 மைக்ரோபாரட், 70 வோல்ட் என்றால் 470 ஓம் போடலாம். அதில் ஓயாமல் 10 வோட்ஸ் சூடு இருக்கும் என்பதால் 25 வோட்ஸ் தடையமாக வாங்குங்கள். மின் வெட்டி அரை நிமிடம் கழித்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே கை.

5. முதல் ஓட்டம் மேசையில், டோர்ச் பற்றரியில்

கணினியை இன்னும் எடுக்கவேண்டாம். மோட்டரை மெஷினில் பூட்டவும் வேண்டாம். வேலைமேசையில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். சும்மா வைத்தால் தொடங்குகிற வேகத்தில் எதிர்ப்பக்கம் துள்ளி விழும். சாவிக்காடியில் சாவி இருந்தால் கழற்றிவிடுங்கள், பறக்கும். தண்டின் முனையில் மாஸ்கிங் டேப் துண்டொன்றைக் கொடிபோல ஒட்டுங்கள்.

1.5 வோல்ட் பற்றரியொன்றின் இரு முனைக்கும் குறுக்கே 10 கிலோ ஓம் பொட் ஒன்றைக் கட்டி, நடுக்காலையும் மறை முனையையும் டிரைவின் கட்டளை உள்ளீடு இரண்டுக்கும் கொடுங்கள். அதுதான் இப்போதைக்கு உங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டி. டிரைவின் கரண்ட் எல்லையைத் திருகி மிகக் கீழே இறக்குங்கள். பொட்டைச் சைபரில் வைத்து, ஒரு கையைச் சிவப்புச் சுவிட்சின்மேல் வைத்துக்கொண்டு எனேபிள் கொடுங்கள்.

டேப் கொடி அசையாமல் நின்றாலோ, நத்தை வேகத்தில் நகர்ந்தாலோ டேக்கோ சரியான பக்கம் இருக்கிறது. பொட்டைக் கொஞ்சம் திருப்ப மோட்டர் ஒரே சீராகச் சுற்றும். தண்டைத் துணியால் பிடித்துத் தடுத்துப் பார்த்தால் வேகம் குறையாமல் உங்கள் கையோடு மல்லுக்கு நிற்கும். கரண்ட் எல்லை கீழே இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். கட்டளை சைபராக இருந்தும் எனேபிள் கொடுத்த கணமே முழு வேகத்தில் பாய்ந்தால் டேக்கோ தலைகீழ். மெதுவாக்கவேண்டிய செய்தி வேகமாக்குகிற செய்தியாகப் போகிறது. மின்னை வெட்டி, டேக்கோவின் இரண்டு வயரை மட்டும் மாற்றுங்கள். மோட்டர் வயரையும் சேர்த்து மாற்றினால் பழையபடி அதே பிழைதான். டேக்கோ வயர் அறுந்தாலும் இதே பாய்ச்சல் வரும். அந்த வயரை மெஷினில் எங்கே இழுத்துக் கட்டுகிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள்.

என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு இந்தப் படியில்தான் பொறுமை போகிறது. மெஷினில் பூட்டி மேசை ஓடுவதைப் பார்க்கவேண்டும் என்ற துடிப்பு. ஒரு பின்னேரம் இதில் செலவானால் செலவாகட்டும். பற்றரியில் ஒழுங்காக ஓடாத மோட்டர் கணினியிலும் ஓடாது.

6. பொட் திருகுவதற்கும் ஒரு வரிசை உண்டு

அட்வான்ஸ்ட் மோஷன் கண்ட்ரோல்ஸ் கம்பனியின் பிரஷ் டிரைவ்களில் நான்கு பொட் இருக்கும்: வளைய ஈட்டம் (லூப் கெய்ன்), கரண்ட் எல்லை, கட்டளை ஈட்டம் (ரெஃபரன்ஸ் கெய்ன்), ஓஃப்செட். மற்றக் கம்பனிகளிலும் பெயர்தான் மாறும்.

முதலில் கட்டளை உள்ளீடு இரண்டையும் ஒன்றாக இணைத்துச் சைபராக்கி, கொடி முழுக்க நிற்கும்வரை ஓஃப்செட்டைத் திருகுங்கள். இதன் பெறுமதி கணக்குப் போட்டால் விளங்கும். 10 வோல்டுக்கு 2000 சுற்று என்று வைத்தால் ஒரு வோல்டுக்கு 200 சுற்று. 10 மில்லிவோல்ட் விலகலுக்கு நிமிடத்துக்கு 2 சுற்று. திருகுதண்டின் புரி 5 மிமீ என்றால், நீங்கள் ஒன்றும் சொல்லாமலே மேசை நிமிடத்துக்கு 10 மிமீ நகர்ந்துகொண்டிருக்கும். டிரைவ் சூடேறிய பிறகு ஓஃப்செட் மாறும். அரை மணித்தியாலம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள்.

பிறகு வளைய ஈட்டம். மோட்டர் ரீங்காரமிடத் தொடங்கும்வரை ஏற்றி, சத்தம் போகும்வரை இறக்கி, இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். மெஷினில் பூட்டிய பிறகு பாரம் மாறுவதால் இதை மறுபடி செய்யவேண்டும். கட்டளை ஈட்டத்தைக் கடைசியாக வையுங்கள். நீங்கள் பாவிக்கப்போகிற உச்ச வேகம் எட்டரை, ஒன்பது வோல்டில் வரட்டும். மிச்சம், பின்தங்கிய மேசையைக் கணினி எட்டிப்பிடிக்கத் தேவை.

7. ஸ்டெப்பர் பலகையைக் கொண்டுவராதீர்கள்

ஜிஆர்பிஎல் போட்ட ஆர்டுயினோ, மேக்3 இரண்டும் தாமாகப் படியும் திசையும்தான் கொடுக்கும். மேசை எங்கே நிற்கிறது என்று அவை பார்ப்பதே இல்லை. ஆர்டுயினோவின் துடிப்பைத் தடையம், கெபாசிட்டர் போட்டு மழுக்கி ±10 வோல்ட் செய்யலாமே என்று கேட்பார்கள். அலை அடங்குமளவு மழுக்கினால் தாமதம் கூடும். தாமதம் கூடினால் வளையம் ஆடும்.

இந்த வேலைக்கென்றே இலவசமாக இருப்பது லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனமான நிஸ்ட், 1990களில் இஎம்சி என்ற பெயரில் தொடங்கியது அது. அந்தப் பெயருக்கு வேறொரு கம்பனி உரிமை கோரியதால் 2011இல் பெயர் மாறியது. அதோடு மேசா கம்பனியின் 7ஐ97 பலகை சேர்ந்தால் ஆறு அச்சுக்கு ±10 வோல்டும் ஆறு என்கோடருக்கு இடமும் கிடைக்கும். டொலர் விலையில் அது பாரம்தான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பழகுங்கள். பழகுவதற்கு ஆளுக்கொரு பலகை தேவையில்லை.

8. திசையைக் கையால் சரிபாருங்கள்

டிரைவுக்குள் வேக வளையம் அடங்கிவிட்டது. இனி கணினி அதன்மேல் நிலை வளையத்தைப் போடுகிறது. இங்கேயும் குறி தலைகீழானால் மேசை பாயும். 1000 கோடு என்கோடர் நான்கு மடங்காக எண்ணப்பட்டுச் சுற்றுக்கு 4000 கொடுக்கும். 5 மிமீ புரியில் அது மிமீக்கு 800, ஓர் எண்ணுக்கு 1.25 மைக்ரோன். எனேபிள் இல்லாமல் தண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றித் திரையில் 5.000 வருகிறதா, கூட்டல் பக்கம் போகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு நேர் கட்டளை கொடுத்து, மோட்டரும் அதே பக்கம் சுற்றுகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒத்த பிறகே வளையத்தை மூடுங்கள்.

கட்டளைக்கும் உண்மை நிலைக்கும் உள்ள இடைவெளி எல்லை தாண்டினால் லினக்ஸ்சிஎன்சி மெஷினை நிறுத்தும். அந்த எல்லையைத் தொல்லை என்று நினைத்துப் பெரிதாக்கிவிடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. என்கோடர் வயர் அறுந்தால் உங்களைக் காப்பது அது ஒன்றுதான். தொடக்கத்தில் சில மிமீ, எல்லாம் சரிவந்த பிறகு அரை மிமீ, அதற்கும் கீழே.

9. பி முதலில், பிறகு எஃப்எஃப்1, கடைசியில் ஐ

வேக முறை டிரைவில் நிலைப் பிழையைப் பார்த்து வேகக் கட்டளை போடுகிற கணினியின் பிஐடி கணக்கை ஒழுங்கு செய்வது, சொல்லுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. டேக்கோ ஏற்கெனவே ஆட்டத்தை அடக்கிவிட்டதால் டி பெரும்பாலும் சைபர்.

வெளியீட்டை மிமீ/செக்கன் அலகில் வையுங்கள். நம் கணக்கில் 10 வோல்ட் என்பது 2000 சுற்று, நிமிடத்துக்கு 10 மீட்டர், செக்கனுக்கு 166.7 மிமீ. பி 50 என்றால் ஒரு மிமீ பின்தங்கினால் 50 மிமீ/செக்கன் வேகம் கொடு என்று அர்த்தம். பி மட்டும் இருந்தால் 100 மிமீ/செக்கனில் ஓடும் மேசை எப்போதும் 2 மிமீ பின்னால்தான் வரும். வட்டம் வெட்டினால் அது சிறுத்துப் போவதற்கும், மூலை மழுங்குவதற்கும் இதுதான் காரணம். எஃப்எஃப்1ஐ 1 என்று வைத்தால் தேவையான வேகத்தைக் கணினி முன்கூட்டியே அனுப்பிவிடும்; பிக்கு மிச்சப் பிழையைத் திருத்தும் வேலை மட்டும்தான். அந்த 2 மிமீ நூற்றில் சில பங்காக இறங்குவதை லினக்ஸ்சிஎன்சியின் ஹால்ஸ்கோப் திரையில் கண்ணால் காணலாம்.

பியை 5இல் தொடங்கி, நின்ற இடத்தில் மோட்டர் கரகரக்கும்வரை ஏற்றி, மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். ஓஃப்செட்டின் மிச்சத்தைத் தின்ன மட்டும் ஐ கொஞ்சம். முன்னே சொன்ன 10 மில்லிவோல்ட் விலகல் பி 50இல் 3 மைக்ரோன் பிழையாகத்தான் நிற்கும். அதற்காக ஐயை அள்ளிப் போட்டு மேசையை ஆடவிடாதீர்கள்.

எவ்வளவு திருகியும் ஆட்டம் அடங்காவிட்டால் எண்களை விட்டுவிட்டு இரும்பைப் பாருங்கள். கப்ளிங் தளர்ந்திருக்கும், பேரிங்கில் விளையாட்டு இருக்கும், ஜிப் கட்டை இறுக்கமாக இருக்கும். மேசையில் கண்ணாடி ஸ்கேல் பூட்டி, திருகுதண்டில் பேக்லாஷும் இருந்தால் அச்சு நிற்கும் இடத்தைத் தேடி முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். பிஐடியால் பேரிங் திருத்த முடியாது.

10. வயரும் எர்த்தும்

கட்டளைக்கு முறுக்கிய கவச வயர், கவசத்துக்கு எர்த் ஒரு முனையில் மட்டும். டிரைவின் இரண்டு கட்டளை உள்ளீடுகளையும் கணினிப் பலகையிலிருந்து தனித்தனியாக இழுங்கள். ஒன்றைக் கிட்ட இருக்கும் எர்த்தில் கட்டி வயர் மிச்சம் பிடிக்காதீர்கள். மோட்டர் வயரோடு என்கோடர் வயரை ஒரே குழாயில் ஓட்டவே கூடாது. என்கோடர் ஜோடி ஜோடியாகச் செய்தி அனுப்புகிற வகையாக இருக்கட்டும்.

நம் கரை மணல் காய்ந்தால் எர்த் பிடிக்காது. கம்பியை ஈரம் தட்டும் ஆழத்துக்கு இறக்கி, அளந்து பாருங்கள். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று அதைத் தாண்டி வயர் போட்டவர்களைக் கண்டிருக்கிறேன். உயிரோடு விளையாட்டு அது. கசிவு எங்கே என்று தேடுங்கள். பெரும்பாலும் மின்வடிகட்டியோ, நனைந்த மோட்டரோதான்.

11. கடற்காற்று

கடலோடு ஒட்டிய வீட்டில் இணைப்பிகளின் செம்பு பச்சை பூக்கும். மில்லிவோல்டில் பேசுகிற சாமானுக்கு அந்தப் பச்சையே பெரிய பிழை. பெட்டியை ரப்பர் வைத்து மூடுங்கள். வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற விசிறி வேண்டாம். டிரைவின் சூடு வெளியேற, அலுமினிய முதுகைப் பெட்டிக்கு வெளியே நீட்டுங்கள்.

12. தொழுகைக்கு எழும்போது எனேபிளை விழுத்திவிட்டுப் போங்கள்

ஐந்து நிமிடம்தானே என்று விட்டுப் போகாதீர்கள். நிற்கிற சேர்வோ ஓய்ந்த சேர்வோ இல்லை. அது பிடித்துக்கொண்டு நிற்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

13. எழுதி ஒட்டுங்கள், ஆளைச் சேருங்கள்

ஒவ்வொரு பொட்டும் வைத்த அளவு, டேக்கோ வயரின் நிறம், பி, ஐ, எஃப்எஃப்1 பெறுமதி எல்லாவற்றையும் தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அடுத்த வருடம் டிரைவ் மாற்றுகிறவருக்கு அது வேண்டும்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே பிஐடியைக் கரும்பலகையில் தீர்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இப்பால், பேரிங்கின் சத்தத்தைக் கேட்டே பழுது சொல்லுகிற லேத் பாஸ்மார் இருக்கிறார்கள். ஒரு சேர்வோ அச்சை ஒழுங்காக ஓட்ட இரண்டு பேரும் வேண்டும். படிக்கிற பிள்ளைகளே, லீவு நாளில் உங்கள் ஊர் லேத் பட்டறைக்குப் போய், ஒரு மோட்டரை மேசையில் கட்டி, பற்றரியில் ஓட்டிக் காட்டுங்கள். பாஸ்மாரே, வருகிற பிள்ளைக்கு மேசையில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.